ஏஞ்சல் இறங்காத குவியல்

ஏஞ்சலின் வீட்டை ஒட்டிக் கிடந்ததை மண் என்று சொன்னால் மண்ணே கோபித்துக்கொள்ளும். இடித்த வீடுகளின் செங்கலும் காரையும் கொட்டி மேடாக்கிய இடம். கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கும். ஒடித்து எங்கே நட்டாலும் துளிர்க்கிற முருங்கைக் கொம்பு, அங்கே மட்டும் துளிர் காட்டாமலே விறகாகிப்போனது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஏஞ்சலுக்கோ அந்தத் தரை தன்னைப் பார்த்துப் பல்லை இளிப்பதாகப் பட்டது. இதே இடத்தில் கத்தரிக்காய் காய்க்கவைத்துக் குழம்பு வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் இலை எடுப்பது அவள் வேலை. குப்பைக்குப் போகிற இலைகளை மக்கவைத்து எருவாக்க, கணவன் யேசுதாஸின் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழியில் யாராவது மூட்டையில் என்ன என்று கேட்டால், பெண்ணுக்குச் சீர்வரிசை போகிறது என்பான் அவன்.

முதலில் ஒரு தப்பு செய்தாள். இலையில் ஒட்டியிருந்த சாம்பார், தயிர்சாதம், பாயசம் எல்லாவற்றோடும் அந்தத் தரையில் அப்படியே குவித்தாள். அடுத்த வாரம் எழுந்த நாற்றத்தில் தாமல் ஏரி மீன்கள்கூட மூக்கைப் பொத்தியிருக்கும். தெருக்கோழிகளுக்கு மட்டும் அது விருந்து. மூக்கு முட்டப் பாயசம் தின்றுவிட்டு, எதிர்வீட்டு நெசவாளர் சிட்டிபாபு விடியலில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த பட்டுப் பாவின் மேல் அதே காலோடு ஊர்வலம் போயின. தறிக்கு ஏறவேண்டிய இழையெல்லாம் கோழிக்கால் கோலம்.

சிட்டிபாபு கத்தியது நியாயம்தான். ஏஞ்சலும் ஒத்துக்கொண்டாள். சிக்கிய இழைகளை அவரோடு உட்கார்ந்து பிரித்தும் கொடுத்தாள். குவியலை எடுத்துவிடு என்றதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

அதற்குப் பிறகு காய்ந்த சருகு, தேங்காய் நார், சாணம் என்று கொண்டுவந்து எச்சில் இலைக்கு இடையிடையே பரப்பினாள். கோயிலில் கழித்த மாலைகளை நாரை உருவிவிட்டுச் சேர்த்தாள். கோழி வராமல் மேலே மீன் வலை கட்டினாள். அவ்வப்போது மண்வெட்டியால் புரட்டிப் போட்டாள். நாற்றம் போனது, உள்ளே சூடு பிடித்தது.

சிட்டிபாபுவின் சூடுதான் ஆறவில்லை. ஒருநாள் விடிந்தும் விடியாமல், குவியலை வாரிப்போக அவர் சொல்லியனுப்பிய டிராக்டர் தெருவை அடைத்து நின்றது. பாதி வெந்த சோற்றை உலையோடு கவிழ்ப்பதும், இப்போது இதை வாருவதும் ஒன்றுதான். ஏஞ்சல் சண்டைக்குப் போகவில்லை. வலையை விலக்கிவிட்டுக் குவியலின் உச்சியில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எறங்குமா, வேலையாவட்டும்,” என்றார் சிட்டிபாபு.

“வாரணும்னா என்னையும் சேத்து வாரிக்கினு போங்கணா. எறங்க மாட்டேன்.”

அடியிலிருந்து ஆவி கிளம்பி அவள் புடவையைச் சுற்றியது. இட்லிப் பானைமேல் உட்கார்ந்தவள்கூட அவ்வளவு வெந்திருக்க மாட்டாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்தின்னா பதமா வெந்துடுவ,” என்றான் யேசுதாஸ்.

“வேவட்டும். சூடு இருக்குதுன்னா உள்ள உசுரு இருக்குது. இத்த சாவ விட மாட்டேன்.”

டிராக்டர்காரன் பெண்பிள்ளையோடு சேர்த்து வாருவதற்குத் தனக்குச் சொல்லவில்லை என்று பீடி பற்றவைத்தான். வெயில் கூரை ஏறியது. அப்போதுதான் சிட்டிபாபுவுக்கு உறைத்தது, இன்று அவர் வீட்டுப் பாவு விரிக்கிற நாள். பாவு பிடிக்கச் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். கஞ்சியும் ஆறித் தயாராக இருக்கிறது. வெயில் இன்னும் ஏறினால் இழை காய்ந்து பொட்டுப்பொட்டென்று அறும். பாவு விரிக்கவேண்டிய தெருவிலோ, அவரே வரவழைத்த டிராக்டர் யானை மாதிரி நிற்கிறது.

அவர் வானத்தைப் பார்த்தார், சுருட்டிவைத்த பாவைப் பார்த்தார், ஏஞ்சலைப் பார்த்தார். அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான்.

“வண்டிய எடுப்பா,” என்றார் டிராக்டர்காரனிடம்.

யேசுதாஸ் அவளுக்காகத் தூக்கி வந்த குடத்துத் தண்ணீரை வாங்கி, காலடியில் காய்ந்திருந்த சருகின்மேல் ஊற்றினாள் ஏஞ்சல். டிராக்டர் தெருமுனை திரும்பும்வரை இறங்கவில்லை. பாவை விரிக்கத் தொடங்கிவிட்ட சிட்டிபாபுவுக்குக் கேட்கும்படி அங்கிருந்தே சொன்னாள்:

“நாளைக்கு முகூர்த்த நாளுணா. மண்டபத்து எல எல்லாம் இங்கதான் வரும்.”