தானாகச் சாப்பிடாத பிள்ளை

1995ஆம் ஆண்டில் சித்திரை வருடப் பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. மற்ற ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று எனக்கு அடிக்கடி ஐமிச்சம் வரும். அந்த ஆண்டைப் பற்றி வருவதில்லை. மூன்றாம் மாடியில் நான் பொங்கல் பொங்க, கீழ்வீட்டில் மன்னார் அக்கா உபவாசம் இருந்தார். அடுத்த கிழமை ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் என் மகள் தன் கையால் சாப்பிடப் பழகியிருக்க வேண்டும். அதுதான் அந்த இளவேனிலில் எங்கள் வீட்டின் முழுப் பிரச்சினையும்.

மகளுக்கு நான்கு வயது. மகன் முந்தின ஐப்பசியில் பிறந்தவன். சிசிலித் தீவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால், அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்து ஒன்றில் எங்களுக்கு இரண்டு அறை. கணவருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சமையலறை வேலை. மத்தியானத்துக்கு முன்னரே போனால் இரவில்தான் வருவார். முன்னறைக் கூரையில் பழைய காலத்தில் சரவிளக்குத் தொங்கிய இரும்புக் கொளுக்கி ஒன்று இருந்தது. மகள் பிறந்தபோது கணவர் அதில் அரிசி மூட்டையைக் கட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு என் பழைய சேலையில் ஏணை கட்டினார். வீட்டுக்காரர் வந்து பார்த்து, இத்தனை ஆண்டாக அந்தக் கொளுக்கியால் ஒரு பயனும் இருக்கவில்லை என்று சந்தோஷப்பட்டார். இப்போது அதே ஏணையில் மகன்.

காலையில் மகளைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவேன். அதை எல்லோரும் அசீலோ என்பார்கள். ஒரு கையில் தம்பி, மறு கையில் அவள். சந்தைக்குள்ளால்தான் வழி. கூவி விற்கிறவர்கள் அவளுக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் கூவுகிற ராகத்தை அப்படியே சிசிலியக்காரி போலத் திருப்பிக் கூவுவாள். திரும்பி வந்து தம்பிக்கு எண்ணெய் தேய்த்து, குளிக்க வார்த்து, சாம்பிராணிப் புகை காட்டி, ஏணையில் போட்டுவிட்டுச் சமைப்பேன். மத்தியானத்துக்கு முன்னரே போய் மகளைக் கூட்டிவந்து, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பசி எடுக்காதபடி பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் எடுக்கும். ஆனாலும் அந்த மாதங்களை நினைத்தால் களைப்பு முன்னே வருவதில்லை. சாம்பிராணி வாசமும் சந்தை இரைச்சலும் வெந்த சோற்று மணமும்தான் வருகின்றன.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரின் சீசா பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் துப்புரவும் சமையலும் பார்த்தேன். சின்னோரா என்று நான் கூப்பிடும் அந்த அம்மா தனியாக இருப்பவர். பிள்ளைப்பேறு நெருங்கியதும் அந்த வீட்டை அக்காவிடம் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு முறை இருந்தது. பிள்ளை பெறப் போகிறவளோ ஊருக்குப் போகிறவளோ தன் வேலை வீட்டை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டுப் போவாள். அவள் அதைக் காப்பாற்றி வைத்திருந்து, சொன்ன காலத்தில் திருப்பிக் கொடுப்பாள். எழுத்தில் ஒன்றும் இல்லை. சின்னோராக்களுக்கும் இது பழகிப்போயிருந்தது. நாங்கள் பேசியது ஈஸ்டர் வரை. அதற்குப் பிறகு அக்காவுக்கு வேறு வீடு காத்திருந்தது. நான் போகாவிட்டால் சீசா வீடு யாரோ ஒருவருடையதாகிவிடும். கைக்குழந்தையைக் கொண்டுவரலாம், நான்கு வயதுப் பிள்ளையை மட்டும் வேண்டாம் என்று சின்னோரா சொல்லியிருந்தார். அவர் வீட்டில் கண்ணாடிச் சாமான்கள் நிறைய.

ஆகவே மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் அசீலோவில் நிற்க வேண்டும். மாசி மாதக் கடைசியில் கேட்டேன். பெரிய சுவோரா, அதாவது அங்கே பொறுப்பாயிருந்த கன்னியாஸ்திரி, சில நாள் நிறுத்திப் பார்ப்போம் என்றார்.

நிறுத்திப் பார்த்தோம். மகள் ஒரு பருக்கைகூட உண்ணவில்லை. முதல் நாள் பாஸ்தா. பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தார்கள். அடுத்த நாள் சுவோரா நல்ல மனதோடு வெண்ணெய் போட்ட சோறு செய்வித்தார். அதற்கும் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள் என்றார்கள். சுவோரா என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு வீட்டில் என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். எல்லாம் சாப்பிடுவாள் என்றேன். எப்படிச் சாப்பிடுவாள் என்றார். அதற்கு என்னிடம் இத்தாலிய மொழியில் சொல் இருக்கவில்லை. கையைக் குவித்து, இல்லாத சோற்றைப் பிசைந்து, உருட்டி, கட்டைவிரலால் தள்ளிக் காட்டினேன். காட்டும்போதுதான் எனக்கே விளங்கியது. அவள் அடம்பிடிக்கவில்லை. கை வரும் என்று காத்திருந்திருக்கிறாள். பிறந்த நாளிலிருந்து அவள் தன் வாய்க்குள் ஒரு பிடி சோற்றைத் தானாக வைத்ததில்லை. வைக்க நான் விட்டதும் இல்லை.

சுவோரா சிரித்தார். சிசிலித் தாய்மாரும் இலேசுப்பட்டவர்கள் இல்லை, ஆனால் இந்த வயதில் கரண்டியையாவது பிடிக்க விடுவார்கள் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது. ஈஸ்டருக்குள் பழக்கு. இல்லாவிட்டால் மத்தியானம் வந்து கூட்டிப்போ."

நான் வாசிப்பு உள்ளவள். பாரிஸிலிருந்து சுற்றுக்கு வரும் தமிழ் நாவல்களையெல்லாம் பால் கொடுத்துக்கொண்டே படித்து முடித்திருக்கிறேன். அவற்றில் பிள்ளை ஓர் அத்தியாயத்தில் பிறக்கும், அடுத்ததில் பள்ளிக்கூடம் போகும். இடையில் அது எப்படிச் சாப்பிடக் கற்றுக்கொண்டது என்று ஒருவரும் எழுதவில்லை.

பங்குனி முழுவதும் பாடம் நடந்தது. சந்தையில் சின்ன முள்ளுக்கரண்டி ஒன்று வாங்கினேன். சோற்றுக்கு அது சரிவராது என்று வாழ்க்கையில் முதல்தடவையாக வீட்டில் பாஸ்தா அவித்தேன். கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டேன். மகள் முள்ளுக்கரண்டியால் தலை சீவினாள். ஏணைச் சேலையில் குத்தினாள். ஒரு நாள் சாப்பாட்டை முன்னால் வைத்துவிட்டு அடுத்த அறைக்குள் போய் ஒளிந்து நின்றேன். திரும்பி வந்தபோது தட்டு அப்படியே இருந்தது. பசித்தால் சாப்பிடுவாள், விடும் என்று கணவர் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு விட்டுப் பார்த்த நாளில் அவள் பசியோடு தூங்கிப்போனாள். பின்னேரம் வேலையிடத்திலிருந்து தொலைபேசியில் அவர் முதலில் கேட்டது, தீத்தினனீரோ, ஊட்டிவிட்டீரோ என்பதைத்தான்.

அக்கா படியேறி வரும்போதெல்லாம் இதே பகிடிதான்.

"இவளைக் கட்டப்போற மாப்பிள்ளை பாவம் பிள்ளை. தாலியைக் கட்டின கையோட சோறு தீத்தவும் வேணும்."

"அக்கா, நீங்கள் வேற. நான் வேலைக்குப் போறதோ இல்லையோ எண்டு தவிச்சுக்கொண்டிருக்கிறன்."

"அதுக்கு ஏன் என்னைப் பாக்கிறாய்? வீடு உன்ரைதான். நான் துடைச்சு வச்சிருக்கிறன். ஆனா உயிர்த்த ஞாயிறு தாண்டினா என்னால ஏலாது."

மகளிடம் நியாயமும் பேசிப் பார்த்தேன். நீ பெரிய பிள்ளை, அக்காவாகிவிட்டாய் என்றேன். அவள் ஏணையைப் பார்த்தாள்.

"தம்பி தானாச் சாப்பிடட்டும். பிறகு நானும் சாப்பிடுறன்."



இப்படியே வருடப் பிறப்பு வந்துவிட்டது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். அசீலோவுக்கு விடுமுறை. காலையில் பொங்கினேன், மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். பின்னேரம் சிலுவை ஊர்வலத்துக்குப் போக இருந்த அக்கா, அதுவரை கீழே தனியாக இருக்க மனமில்லாமல் மேலே வந்து, சாப்பாட்டைப் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் எனக்கும் மகளுக்குமாக ஒரே தட்டில் சோற்றைப் போட்டு, கறியை விட்டு, பாய்க்கு வந்தேன். அந்த நேரம் பார்த்து மகன் எழும்பினான். எடுத்துப் பால் கொடுத்தேன். அவன் பிடித்த பிடியை விடுவதாயில்லை. கை இரண்டும் அவனோடு. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறு என்று மகளிடம் சொன்னேன். எனக்கும் நல்ல பசி. அதையும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பருப்பையும் சோற்றையும் பிசைந்தாள். விரல் நுனியால் ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து நடுவில் வைத்து உருட்டினாள். சின்ன உருண்டை, ஆனால் உதிராத உருண்டை. எழுந்து வந்து என் வாய்க்கு நேரே நீட்டி, கட்டைவிரலால் உள்ளே தள்ளினாள். நான் மென்று முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்தாள். பிறகு அடுத்த உருண்டை.

அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பிவிட்டார்.

"பாத்தியா, தெரியாமல் இல்லை. எல்லாம் தெரியும் கள்ளிக்கு."

நான் மெதுவாகக் கேட்டேன். "குஞ்சு, அந்தக் கையாலையே உங்கடை வாய்க்குள்ளையும் வையுங்கோவன்."

அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை. முட்டாள்தனமான கேள்விக்குப் பெரியவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்:

"இது உங்களுக்கு அம்மா. எனக்கு நீங்கள்தானே தீத்த வேணும்."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அது உபவாசத்துக்காகவா, இவளுக்காகவா என்று தெரியவில்லை. அவளுக்குச் சாப்பிடத் தெரியாது என்று ஒரு மாதமாகப் பாடம் நடத்தினேன். அவளோ, சாப்பாடு என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்குத் தானே தீத்துவது, தன் தலையில் தானே கைவைத்து ஆசீர்வாதம் செய்வதுபோல அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

விடுமுறை முடிந்த முதல் காலை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற பையோடு அசீலோ வாசலில் நின்று இதைச் சுவோராவுக்குச் சொன்னேன். வினைச்சொற்களெல்லாம் தப்பு. தனியாகச் சாப்பிடமாட்டாள், ஆனால் மற்றவருக்குக் கொடுப்பாள். எனக்குக் கொடுத்தாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சுவோரா கொஞ்ச நேரம் என் மகளைப் பார்த்தார். பழக்கினாயா என்று கேட்கவில்லை. பழக்காவிட்டால் கூட்டிப்போ என்று முன்பு சொன்னதையும் சொல்லவில்லை. புதிதாக ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள், பழக்கடைக்காரரின் மகள், சாப்பாட்டு நேரம் முழுக்க அழுகிறாள். இவளை அவளுக்குப் பக்கத்தில் இருத்துகிறேன், இன்றைக்கு மட்டும் பார்ப்போம் என்றார்.

பேருந்தில் சீசாவுக்குப் போனேன். சின்னோரா இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே சேர்த்து, நடுவில் தலையணை போட்டு மகனுக்குப் படுக்கை செய்து வைத்திருந்தார். அக்கா வீட்டை அப்படியே வைத்திருந்தார். துடைக்கும் துணிகூட நான் மடிக்கிற மாதிரியே மடித்து வைத்திருந்தது. மத்தியானம் ஆனதும் எனக்கு வேலை ஓடவில்லை. தொலைபேசியில் கேட்டுப் பாரேன் என்றார் சின்னோரா. முகத்தைப் பார்க்காமல் இத்தாலிய மொழி எனக்கு விளங்காது, அதனால் கேட்கவில்லை. உரித்த உருளைக்கிழங்கையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். மகள் சாப்பிடாமல் இருந்திருந்தால் நாளைக்கு இந்த வீட்டுக்கு வர முடியாது. அக்காவும் அன்று தன் புதிய வேலை வீட்டுக்குப் போய்விட்டார்.

பின்னேரம் போனபோது சுவோரா வாசலுக்கே வந்தார். நடந்ததைக் கைகளாலும் சொன்னதால் முழுவதும் விளங்கியது. அன்று பயற்றோடு அவித்த பாஸ்தா. என் மகள் முதலில் அழுகிற பிள்ளைக்குக் கரண்டியால் கொடுத்தாளாம். அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு விழுங்கியதாம். பிறகு என் மகள் தன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாளாம். அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவோரா அதன் கையில் கரண்டியைக் கொடுத்தார். அப்படியே மாறி மாறி. மேலங்கி இரண்டும் நாசம், ஆனால் இரண்டு தட்டும் பாதிக்கு மேல் காலி.

"நாளைக்கும் வரட்டும்" என்றார் சுவோரா. "வேலைக்குப் போ."

சந்தைக்குள்ளால் திரும்பும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. மகள் என் பாவாடையை இழுத்தாள்.

"அம்மா, பசிக்குது."

"அங்கை சாப்பிட்டனீங்கள்தானே?"

"ஓம். ஆனா அவவுக்குத் தீத்தத் தெரியாது. எல்லாம் கீழை விழுந்திட்டுது."

வீட்டுக்கு வந்ததும் காலையில் வடித்த சோற்றைப் பருப்போடு பிசைந்தேன். அசீலோவில் ஆனி மாதத்துக்குள் அவள் முள்ளுக்கரண்டியைத் தானே பிடிக்கத் தொடங்கினாள். வீட்டில் அது நடக்கப் பல காலம் ஆயிற்று. நானும் அவசரப்படவில்லை, சுவோராவிடம் சொல்லவும் இல்லை. அன்றைக்கு அவள் பாயில் காலை மடித்து உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டைக்கும் "ஆங்கோரா" என்றாள். இன்னும் வேண்டும் என்று அர்த்தம். பக்கத்தில் படுத்திருந்த தம்பி என் கை போகிற இடமெல்லாம் கண்ணால் பின்தொடர்ந்து, தானும் வாயைத் திறந்தான்.

"அம்மா, அவனுக்கும் குடுங்கோ. இல்லாட்டி நான் குடுக்கிறன்."

"தம்பிக்கு வைகாசியிலைதான் சோறு தீத்துறது."

"வைகாசி எப்ப?"

"அடுத்த மாசம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்படியென்றால் அதுவரை தம்பியின் பங்கும் தனக்குத்தான் என்று சொல்லி, வாயைத் திறந்தாள்.