இறங்கச் சொல்லாமலே இறங்கினோம்

ஆபிரிக்காவுக்குப் போகிறவனுக்கு யாராவது கம்பளிச் சுவெற்றர் வைத்துக் கட்டுவார்களா? என் அம்மா கட்டினார். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் எங்களுக்கு ஓர் அறையும் குசினியும். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பையைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, அங்க வெயில் கொளுத்தும். இது என்னத்துக்கு?" என்றேன்.

"அங்கயிருந்து லண்டனுக்குப் போகேக்க குளிரும். மாமா இருக்கிறார்தானே," என்றார், வெங்காயம் உரித்தபடியே. "நீ திரும்பி வராத."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது சண்டைக் காலம். சுற்றிவளைப்பில், தமிழன் என்று, என்னை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு தடவையும் அம்மா பொலிஸ் வாசலில் விடியும்வரை நின்றார். இன்னொரு தடவை நிற்கத் தனக்குத் தென்பில்லை என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவரைத் தனியாக யாரிடம் விட்டுவிட்டு நான் லண்டனுக்குப் போவது? பையை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் எட்டுப் பேர். கொட்டாஞ்சேனைத் தேவாலயம் ஒன்று சேர்த்த தொண்டர் குழு. ஸாம்பியாவில் ஒரு கிராமத்து மருந்தகத்துக்குக் கூரை போட்டு, வயர் இழுத்துக் கொடுக்க வேண்டும். வயர் வேலை என்னுடையது. தமிழர் என்று நானும் கொட்டாஞ்சேனை நேர்ஸ் அக்கா ஒருவரும்தான். மற்ற ஆறு பேரும் சிங்களவர். அவர்களில் மூத்தவர் ஒரு தச்சர், நல்ல பருமன். அவருக்கு நான் மல்லி, எனக்கு அவர் அய்யே. தம்பி, அண்ணன் என்ற உறவுதான். சோளமாக் களியைக் கண்டு நாங்கள் முகத்தைச் சுளித்தபோது, அக்கா போத்தலில் கொண்டுவந்த உறைப்பான கட்டச் சம்பலைக் குழைத்து அவர் மூன்று கோப்பை தின்றார். பயணம் முழுவதற்கும் என்று கொண்டுவந்த சம்பல் ஒரு கிழமையில் முடிந்தது. அக்கா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

முதல் சனிக்கிழமை சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். வான் நின்றது. அவர் வாயைத் திறக்குமுன் எட்டுப் பேரும் இறங்கிவிட்டோம். பைகளைத் திறந்து, அந்த நாட்டில் எதற்கும் உதவாத எங்கள் அடையாள அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தோம். கொழும்பில் பஸ் மறிக்கப்பட்டால் கால் தானாக இறங்கிவிடும். அங்கே சிங்களவரைப் போகவிட்டு, தமிழரைத் தள்ளி நிற்க வைப்பார்கள். ஆறு பேர் அவரைக் கடந்து போய் வானுக்கு முன்னால் நின்றார்கள். நானும் அக்காவும், யாரும் சொல்லாமலே, வீதியோரம் தள்ளி நின்றோம்.

பொலிஸ்காரர் மலைத்துப்போனார். அவர் மறித்தது, தன் மனைவிக்கு ஒரு கோழியைச் சந்தையடியில் இறக்கிவிட முடியுமா என்று கேட்க. கோழி அவர் காலடியில் கட்டிக் கிடந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு எங்கள் இருவரையும் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார், "அவர்கள் ஏன் தனியாக நிற்கிறார்கள்? சுகமில்லையா?"

சிரிப்பு அப்படியே அடங்கியது. அய்யே எங்களைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அக்கா கோழியை மடியில் வைத்துக்கொண்டு வானில் ஏறினார். வழி முழுக்க அது மட்டும்தான் சத்தம் போட்டது.

அடுத்த சனி அதே இடத்தில் அதே பொலிஸ்காரர் மறிக்க, வான் நின்றதும் நான் எழும்பினேன். அய்யே என் தோளைப் பிடித்து இருத்தினார். "மல்லி, இண்டைக்கு நீங்க ரெண்டு பேரும் இருங்க. நாங்க போறம்," என்றார் சிங்களத்தில். ஆறு பேரும் இறங்கி, அட்டைகளை நீட்டியபடி வீதியோரம் தள்ளி நின்றார்கள். அய்யே வயிற்றை எக்கிக்கொண்டு, பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்திருந்தார். பொலிஸ்காரரும் கைகளைப் பின்னால் கட்டி, முன்னும் பின்னும் நடந்து பார்வையிட்டார். வானுக்குள் நானும் அக்காவும் கண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு சனியும் இந்தக் கூத்துத்தான்.

கூரையும் வயரும் முடிந்து, ஸாம்பியாவிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாள் லண்டன் மாமாவுக்குப் போன் எடுத்தேன். எனக்கு எல்லாம் ஒழுங்கு பண்ணியாயிற்று என்றார். அம்மாவையும் கூப்பிட வழியிருக்கா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார். அப்படியென்றால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு வரும் வழியில் வானை மறித்தார்கள். எட்டுப் பேரும் இறங்கினோம். ஆறு பேரைப் போகச் சொன்னார்கள், எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அய்யே போகாமல் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். ஏறச் சொல்லி ஆமிக்காரர் அதட்டினார். அவர் அசையவில்லை. துவக்கோடு இன்னொருவர் வந்து அதட்டியபோது ஏறினார். வேறென்ன செய்வார், பாவம்? ஜன்னலால் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை நினைத்துத்தான் அழுகை வந்தது.

கடைசியில் எங்களையும் விட்டார்கள். பொழுதுபட வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா திறந்து என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் வந்தனீ?"

"உங்களைப் பாக்கத்தான்."

"பாத்தாச்சுதானே. இனிப் போ," என்றார்.

அன்று எனக்குச் சோறு போடும்போதும், இடது கையால் என் சட்டையைப் பிடித்தபடியேதான் போட்டார்.