நாங்கள் பேசிக்கொண்டதற்கு ஆதாரம்

என் மனைவி அயர்லாந்துக்குப் போனபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்தான் முடிந்திருந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். வெளிநாட்டு வேலைக்கான தேர்வை முன்பே எழுதித் தேறியிருந்தாள். பெண் பார்க்கப் போன அன்றே அதைச் சொல்லிவிட்டார்கள். நர்ஸாகப் போகிறவளின் கணவனும் அங்கே தங்கலாம், அவளுக்குக் கிடைக்கும் உரிமையை வைத்தே வேலையும் செய்யலாம் என்றார்கள். பின்னாலேயே போய்விடலாம் என்று நானும் நம்பினேன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் ஃபிட்டர். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் போய்வருவேன். அவளுக்கு இரவு டியூட்டி முடியும் நேரம் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். உள்ளே இயந்திரச் சத்தம் காதைப் பிளக்கும் என்பதால் டிபன் பாக்ஸோடு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவேன். வீடியோவில் கூப்பிட்டால் அயர்லாந்தில் அவள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருப்பாள். கோட்டுத் தொப்பிக்குள் முகம் மட்டும் தெரியும். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். பஸ் வந்ததும் வைத்துவிடுவாள். நான் அணைந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிளம்பிய அன்று அவள் தன் நைட்டியைக் கதவுக்குப் பின்னால் மாட்டியபடியே விட்டுப் போயிருந்தாள். அம்மா துவைக்க எடுத்தபோது வேண்டாமென்று வாங்கி அதே ஆணியில் மாட்டினேன்.

நான் விண்ணப்பித்த விசா கிடைக்கவில்லை. நாங்கள் உண்மையில் கணவன் மனைவியாக உறவில் இருப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. கல்யாணச் சான்றிதழும் போட்டோக்களும் கொடுத்திருந்தோம். அவள் போன பிறகு நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்பதற்குத்தான் எதுவும் வைக்கவில்லை.

அன்று மதியம் அவளிடம் சொன்னேன். பஸ் வந்தும் அவள் ஏறவில்லை.

“நான் வேணா திரும்பி வந்துடட்டுமா?” என்றாள்.

வா என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் எத்தனை வருஷம் படித்துச் சேர்ந்த வேலை அது. அவசரப்படாதே, இன்னொரு தரம் எழுதிக் கேட்கலாம் என்றுதான் சொன்னேன்.

ஆலையில் ஏற்கெனவே என்னைப் பொண்டாட்டி விசாவில் போகிறவன் என்று கேலி பேசுவார்கள். இனி அதுவும் இல்லையென்று அவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. என் நைனாவிடம் மட்டும் சொன்னேன். களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய்ப் பொண்டாட்டி தயவில் இருக்க வேண்டுமா என்று அவரும் கேட்பார் என்று நினைத்தேன்.

“அந்தப் பொண்ணு அங்க ஒண்டியா கீது. நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீற? போய் ஆவ வேண்டியதப் பாரு” என்றார்.

மேல்முறையீட்டுக்கு எங்கள் வாட்ஸ்அப் செய்திகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். ஊத்துக்கோட்டையில் பஸ் மாறித் திருவள்ளூர் போனேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் மொழிபெயர்த்து டைப் செய்து தரும் ஒரு நடுத்தர வயது அம்மா இருந்தார். பிரின்ட் எடுத்த தாள்களைப் புரட்டினார். சாப்டியா, சாப்ட்டேன், தூங்கலியா, அங்க மழையா. பக்கம் பக்கமாக அதுதான்.

“இன்னா சார், பூரா சாப்டியா சாப்டியான்னே கீது. வேற எதுவும் எழுதிக்க மாட்டீங்களா?”

வீடியோவில் பேசிக்கொள்வோம் என்றேன். சொல்லும்போதே, அங்கேயும் வேறென்ன பேசினோம் என்று தோன்றியது. அவர் படித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரு புயல் சமயத்தில் நான் எழுதியது: ‘உன் பக்கம் ஒழுவுது. உன் தலகாணிய என் பக்கம் வச்சிக்கினேன்.’

“உன் பக்கம்னா?”

ஜன்னலோரம் அவள் படுக்கும் இடம், இப்போதும் நான் அங்கே படுப்பதில்லை என்று விளக்கினேன். என் காது சூடாகிவிட்டது.

“இத்தையும் சேத்து எழுதறேன். இல்லன்னா அவங்களுக்குப் புரியாது” என்று அடியில் ஒரு குறிப்பாகத் தட்டினார்.

எந்தத் தாள் அவர்களை நம்பவைத்ததோ தெரியாது. அடுத்த அறுவடைக்கு முன்னால் விசா வந்தது.

அயர்லாந்து விமான நிலையத்தில் அவள் என்னை நோக்கி வந்தபோது ஒரு கணம் தயங்கிவிட்டேன். முகத்தை மட்டுமே பார்த்துப் பழகியதில் அவள் உயரம் எனக்கு மறந்துபோயிருந்தது. என் தோளுக்குத்தான் வருவாள். பக்கத்தில் வந்து நின்றாள். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சில வாரங்களில் எனக்குக் குடியிருப்பு அட்டை வந்தது. தனியாக வேலை அனுமதி வாங்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ஒரு பால் பவுடர் ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். எனக்குப் பகல் வேலை. அவளுக்குப் பெரும்பாலும் இரவு. அவள் வீட்டுக்குள் நுழையும்போது நான் ஷூ மாட்டிக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டிலிருந்தும் வாரக் கடைசிக்காக ஏங்குகிறோம். சில நாள் தூக்கத்தில் சொருகும் கண்ணோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல், என்னோடு தெருமுனை வரை நடந்து வருவாள்.