கோழிக்கடை மாதையனும் காது நறுக்கிய பூனைகளும்

பாப்பிரெட்டிப்பட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. மாதையனின் மனைவி முனியம்மாளின் குரல். "சார், அவரு போயிட்டாருங்க. லாரிக்காரன் அடிச்சுட்டுப் போயிட்டான்." பக்கத்தில் இருந்த யாரோ போனை வாங்கி மீதியைச் சொன்னார்கள். காலை எட்டு மணி வெயிலில், பொம்மிடிச் சாலையில், அடிபட்டுக் கிடந்த ஒரு பூனையை ஓரமாக எடுத்துப் போட மாதையன் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார். பூனை முன்பே செத்திருந்தது. பின்னால் வந்த லாரி அவரை இருபது அடி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"செத்ததுக்காகவா உசுரக் குடுத்தாரு?" என்று துக்க வீட்டில் பலர் கேட்டார்கள். அவரோடு பழகிய நமக்கு அந்தக் கேள்வி எழவில்லை. "செத்தாலும் டயர்ல அரைய உடக் கூடாதுங்க சார். அது என்ன, ரோட்டுத் தாரா?" என்று அவர் சொல்லி நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் கோழிக்கடை வைத்திருந்தவர் மாதையன். பெரிய கைகள், சின்னக் குரல். ஊரில் சுற்றும் பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் ஒரு சிறு குழுவை அவர் நடத்தினார். குழுவுக்குப் பெயர்ப்பலகை இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அலுவலகம்.

அது தொடங்கியதே ஒரு கொலையில்தான். ஒரு மதியம் கடைக்கு வரத் தண்டவாளத்தைக் கடந்தவர், தண்டவாளத்தின்மேல் ஒரு சாக்கு கிடப்பதைப் பார்த்தார். சாக்கு அசைந்தது. வாய் கட்டுக்கம்பியால் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. சரக்கு ரயிலின் சத்தம் ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து கேட்கத் தொடங்கியிருந்தது. இழுத்துக் கீழே போட்டு, கம்பியை அவிழ்க்க முடியாமல் சாக்கைக் கிழித்தார். உள்ளே ஆறு குட்டிகள். நான்கின் தலைகளைக் கட்டையால் நசுக்கியிருந்தார்கள். மற்ற இரண்டும் அந்த ரத்தத்துக்குள் நெளிந்துகொண்டிருந்தன. "தெனம் ரத்தத்துல நிக்கறவன் நான். ஆனா ரத்தத்த உட்டுட்டு அந்தச் சாக்கத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தேங்க சார். அது எங்க கடைச் சாக்கு. கோழித் தீவனம் வந்த சாக்கு. கேட்டவங்களுக்கெல்லாம் சும்மா குடுத்தேனே, அதுல ஒண்ணு" என்றார். அதற்குப் பிறகு எதற்கு என்று கேட்காமல் அவர் யாருக்கும் சாக்குக் கொடுத்ததில்லை.

இரண்டு குட்டிகளையும் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். "குட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் முடிவே இல்லை, தாய்களுக்கு அறுவை செய்யுங்கள்" என்று மருத்துவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். வெல்டிங் பட்டறையில் கோழிக்கூண்டுக் கம்பியை வைத்து முதல் கூண்டு தயாரானது. கோழிக் குடலை இரையாக வைத்தார். பூனை உள்ளே வந்து கதவு விழுந்ததும் கூண்டின்மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிடுவார். இருட்டானால் அது முட்டி மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளாது.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கறி வாங்கக் கூட்டமாக நின்றிருந்தோம். ஒருவர் ஆரம்பித்தார்.

"ஏண்ணா, கோழி கழுத்த அறுக்கற கையாலயே பூனைக்குச் சோறு வெக்கிறியே. கோழி சாபம் உடாதா?"

"கோழி உன் வயித்துக்குத்தான போவுது? சாபமும் அங்கதான் போவும். காலு எத்தன வேணும், சொல்லு."

"அதெல்லாம் சரி. கடுவனுக்கும் கு.க. பண்றீங்களாமே?"

"உனக்கும் பண்ணச் சொல்றேன், வா. கூண்டு பெருசாத்தான் இருக்குது."

கடை முழுக்கச் சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய், கூண்டுக்குள் விரிக்கப் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

இனி இந்த வேலைக்கு எப்படி உதவுவது என்று உங்களில் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். மாதையன் எவரிடமும் நேரடியாகப் பணம் வாங்கியதில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் பணம் நீட்டியபோது, மருத்துவரின் சீட்டைக் கையில் கொடுத்து, "மெடிக்கல்ல நீங்களே வாங்கிக் குடுத்துருங்க சார்" என்றார். தக்காளி ஏற்றித் தருமபுரிக்குப் போகும் டெம்போ ஓட்டுநர் இரண்டு கூண்டுகளுக்கு இடம் கொடுப்பார். தையல் கடை அக்கா வெட்டுத் துணியைச் சேர்த்து வைப்பார். அறுவை முடிந்த பூனையை இரண்டு நாள் பத்திரமாக வைக்க ஒரு வீட்டார் தங்கள் வெளிக் குளியலறையைக் கொடுத்தார்கள். ஒன்றுமே இல்லாதவர்களும் இருந்தார்கள். பூக்கட்டும் ஒரு அம்மாள் கொடுத்ததெல்லாம் சேதிதான்: எந்தப் பூனை சினையாக இருக்கிறது, எந்தச் சந்தில் குட்டி போட்டிருக்கிறது. அந்த அம்மாளைத்தான் மாதையன் முதலில் உட்காரவைத்து டீ வாங்கித் தருவார். "இல்லைன்னு சொல்றவங்க வூட்லயும் ரெண்டு கண்ணு இருக்குதுங்களே" என்பார்.

என்னிடம் அவர் கேட்டது என் வாயை. அறுவை செய்த பூனைக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே, இடது காதின் நுனியைச் சிறிது நறுக்கிவிடுவார்கள். காது நறுக்கியிருந்தால் மறுபடி பிடித்துக் கத்தி வைக்க வேண்டாம் என்று அர்த்தம். வகுப்பில் திருத்திய நோட்டில் வாத்தியார்கள் நாங்கள் டிக் போடுவோமே, அது போல. "சனங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க சார். தெருத் தெருவா ஒரு தடவ சொல்லிப்புட்டீங்கன்னா போதும். நாஞ்சொன்னா கோழிக்காரன் பேச்சு. நீங்க சொன்னா பாடம்" என்றார். அடுத்த வாரம் ஆகட்டும் என்றேன். அதற்கு அடுத்த வாரமும் அதையே சொன்னேன். எனக்கு வேறு வேலை ஒன்றும் இருக்கவில்லை. பூனைக்காகக் கதவைத் தட்டுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது, அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் பச்சியப்பன் வீட்டு ஆடுகள் செத்தன. பச்சியப்பன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். ஒரே காலையில் நான்கு ஆடுகள் பட்டியில் வாயில் நுரை தள்ளிக் கிடந்தன. பட்டிச் சுவரின்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு காதில் நுனி இல்லை. அடுத்த சந்தில் இன்னொன்று. அதற்கும் அதே காது, அதே அளவு. யாரோ காதை அறுத்துப் பூசை வைத்து ஏவி விட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, கத்தி வைத்திருப்பவன் யார், பூனை பிடிப்பவன் யார் என்று இன்னொருவர் கேட்க, பத்துப் பன்னிரண்டு பேர் கடைக்கு வந்துவிட்டார்கள்.

நான் கறி வாங்கும் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தேன். "ஏவல் வெக்கிறியாடா, நாயே?" என்று பச்சியப்பன் முதல் அடியை மாதையனின் வாயிலேயே அடித்தான். இரண்டு பற்கள் வெட்டுக் கட்டையின்மேல் விழுந்தன. இன்னொருவன் தராசுக் கல்லை எடுத்து அவர் தோளில் இறக்கினான். கொட்டகைக்குள் புகுந்து மூன்று கூண்டுகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். உள்ளே பூனைகள் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து கத்தின. கோழியை முக்கும் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சியப்பனும் வேறொருவனும் சாக்கால் பிடித்து அதைத் தூக்கினார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. "டேய் பச்சியப்பா!" என்று கத்தினேன். நான் கத்துவதற்குள் மாதையன் கூண்டுகளின்மேல் குப்புற விழுந்துவிட்டார். தண்ணீரில் பெரும்பகுதி அவர் முதுகில் கொட்டியது. அவர் எழுப்பிய சத்தத்தை எழுத என்னிடம் சொல் இல்லை. சட்டையைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. ஒரு பூனை மட்டும், அவர் உடம்பு மறைக்காத மூலையில் இருந்தது, மறுநாள் செத்தது.

நாற்பது நாள் அவர் மருத்துவமனையில் குப்புறக் கிடந்தார். புகார் கொடுத்தார். வழக்கு நடந்தது. சமாதானம் பேச வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். அவரைப் பற்றிப் பேசும்போது சிலர் அவரை மகான் ஆக்கிவிடுகிறார்கள். அவர் மகான் இல்லை. கோபக்காரர்.

அவர் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் பச்சியப்பனின் மனைவி பாப்பாத்தி வந்தாள். நான் அங்கே இருந்தேன். வாசலிலேயே நின்று அழுதாள். கோழிக்குஞ்சுகளைப் பூனை தூக்குகிறது என்று பால்சோற்றில், பயிர்ப் பூச்சிக்குத் தூவும் குருணை மருந்தைக் கலந்து பட்டியோரம் வைத்தது அவள்தான். ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அதைத் தின்றுவிட்டன. அது தெரிந்தும், புருஷன் ஆள் திரட்டிக்கொண்டு கிளம்பியபோது பயத்தில் வாயைத் திறக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, மடித்து வைத்த ஏழெட்டுப் பழைய சேலைகளைக் கீழே வைத்தாள். "கூண்டுக்குப் போடறதுக்குங்கண்ணா."

மாதையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போன பிறகு முனியம்மாளைக் கூப்பிட்டுச் சேலைகளை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். "சேலைய வாங்கிக்கிட்டேன் சார். அது பூனைக்கு. மன்னிப்பு எனக்குக் கொண்டாந்தது, அத வாங்கல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க ஒரே ஒரு தெருவுல சொல்லியிருந்தாக்கூட எம்முதுகு தப்பிச்சிருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் எந்த வரியில் தப்பு என்று காட்டுவது போலச் சொன்னார்.

அதற்குப் பிறகு பல தெருக்களில் சொன்னேன். பச்சியப்பன் தெருவுக்கு மட்டும் நாங்கள் போகவில்லை. அங்கே பூனைகள் பெருகின. அடித்துத் தூக்கி எறிந்த குட்டிகளைச் சாக்கடையில் பார்த்ததாகப் பூக்கட்டும் அம்மாள் வந்து சொல்வார். இறப்பதற்கு நான்கு நாள் முன்பு மாதையன் என்னிடம், "அந்தத் தெருவையும் முடிச்சுரலாங்க சார். நான் வந்தா எம்முதுகத்தான் பாப்பாங்க, நீங்க சொல்றது காதுல ஏறாது. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். வியாழக்கிழமை போவதாக ஒத்துக்கொண்டேன். புதன்கிழமை காலையில் லாரி வந்தது.

காரியம் முடிந்த மறுநாள் போனேன். தெருமுனையில் முதல் வீடே பச்சியப்பனுடையது. கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்து வேட்டியை இறக்கிவிட்டான். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: இந்தத் தெருவில் கூண்டு வைக்கப் போகிறோம், பிடித்த பூனை இரண்டு நாளில் திரும்பி வரும், அதன் இடது காதில் நுனி இருக்காது, அது இன்னதற்காக. பாதியில் பாப்பாத்தி வந்து அவன் பின்னால் நின்றுகொண்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பச்சியப்பன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அவருக்கு ரொம்ப நாள் வலிச்சுதுங்களா சார்?"

"கடைசி வரைக்கும் மல்லாந்து படுத்ததில்லை, பச்சியப்பா."

அவன் கதவை மூடவில்லை. நான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.

அவருடைய துணிச்சல் எனக்கு வரவில்லை, வராது. பூனை சீறினால் இன்றைக்கும் பின்வாங்கிவிடுவேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது தெருக்களில் நின்று சொல்லும் இந்த வேலையை. அந்தத் தெருவில் அன்று ஏழு வீடுகள் திறக்கவில்லை. நாளைக் காலை அந்த ஏழு வீடுகளுக்கும் மறுபடி போகிறேன்.