பிளாஸ்டர் ஒட்டிய பொத்தான்

நேயர்களின் அழைப்பைத் துண்டிக்கும் அந்தப் பொத்தானின் மேல் அத்தான் ஒரு பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தார். விரலில் வெட்டுப்பட்டால் சுற்றுவோமே, அதே பிளாஸ்டர்தான். ஒலிபரப்பு மேசையிலிருந்த மற்றப் பொத்தான்கள் எல்லாம் விரல் பட்டுத் தேய்ந்து மினுங்கும். இது மட்டும் காயக்காரன் மாதிரிக் கட்டுப்போட்டுக்கொண்டு கிடக்கும். பிளாஸ்டர் ஊத்தையானால் அவரே உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவார். யாராவது கேட்டால், "கை தவறியும் ஒருத்தரும் அமத்தக்கூடாது" என்று மட்டும் சொல்வார். ஜான்-டலோன் சந்தைக்குப் பின்தெருவில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அறை அது. கீழேயிருந்து கருவாட்டு மணம் ஏறிவரும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மொன்றியல் தமிழ்ச் சனத்தில் பாதி அந்த அறையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று நாங்கள் நம்பினோம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மட்டக்களப்பில் ஒரு சின்னப் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர். பக்கத்து மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்த நண்பரை ஒருநாள் பின்னேரம் யாரோ வாசலுக்குக் கூப்பிட்டுச் சுட்டுப்போட்டார்கள். எழுதிய ஒரு கட்டுரைதான் காரணம். சுட்டது யார் என்று அத்தான் கடைசிவரை வாய்திறக்கவில்லை. அந்தக் காலத்தில் சுடக்கூடியவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கனடா. கிழமை நாட்களில் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து இருந்தாரென்றால் மனிதர் வேறு ஆள்தான். "கதைக்கிறவனக் கதைக்க உடணும் புள்ள. வாய அடைச்சா மறுகா துவக்குத்தான் கதைக்கும்" என்பார். இதை அவர் மேடைக்காகச் சொல்லவில்லை. இரத்தம் பார்த்த மனிதர் சொன்னது. அதனால்தான் பின்னால் நடந்த எதற்கும் அவரை என்னால் முழுதாக வெறுக்க முடியாமல் போனது.

எனக்குப் பக்கத்து அறையில் வேலை. தொலைபேசியை எடுப்பது, பெயரும் இடமும் கேட்பது, "ரேடியோவக் குறைச்சிட்டுக் கதைங்க" என்று கெஞ்சுவது, அத்தானுக்கு இணைப்பைக் கொடுப்பது. எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் சனம் ரேடியோவைக் குறைக்காது. தங்கள் குரலைத் தாங்களே கேட்க வேண்டுமே! கதைக்க வந்த விஷயத்தை விட்டுவிட்டு, அண்ணை சுகமோ, அக்கா சுகமோ, போன கிழமை நிகழ்ச்சி அந்தமாதிரி என்று பாதி நேரத்தைத் தின்றுவிடுவார்கள். அத்தான் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு "சொல்லுங்க" என்பார். தன்னைத் திட்டினவர்களையும் அப்படியே விட்டார். "நீ ஒரு துரோகி" என்று நேரலையில் கத்தின ஆளுக்கும் "நன்றி, அடுத்த நேயர்" என்றார். அந்தப் பொறுமையை நான் மெச்சியிருக்கிறேன். வீட்டில் அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது என்பது வேறு கதை.

முதலில் ஊர் அரசியல்தான் பேச்சாக இருந்தது. போர் முடிந்து சில வருஷத்தில் அதில் சூடு இறங்கிவிட்டது. பிறகு அத்தான் வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் கைபேசியில் ஆங்கில விவாதங்களைப் பார்க்கத் தொடங்கினார். கோட் சூட் போட்ட ஆட்கள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, இந்த நாட்டில் இப்போது வாயைத் திறக்க முடியவில்லை என்று மணிக்கணக்காக வாயைத் திறந்து பேசுவார்கள். பல்கலைக்கழகத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது. பள்ளி நூலகத்தில் என்ன புத்தகம் வைக்கிறார்கள். யார் எந்தக் கழிப்பறைக்குப் போவது. எல்லையால் யாரை விடுவது. அந்தத் தலைப்புகளையெல்லாம் அத்தான் தமிழில் கொண்டுவந்து இறக்கினார். அகதியாக வந்து வதிவிட அனுமதிக் காகிதத்துக்காக வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த சனம், இப்போது வாறவர்களால் நாடு கெட்டுப்போச்சு என்று என்னிடம் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றது. எனக்கு வாயில் நன்றாக வரும். அடக்கிக்கொண்டு இணைப்பைக் கொடுப்பேன்.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சிலேயே சிரித்துக்கொண்டு, தாய் கேட்டால் "ஒண்டுமில்லை அம்மா" என்று முடித்துவிடுகிற வீடுகளில், அந்தத் தாய் தகப்பனுக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தை யாரும் மதித்துக் கேட்கவில்லை, அத்தான் கேட்டார். ஒருமுறை எங்கள் மாணவர்கள் சிலர், இந்த நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். விளம்பரம் தந்த மண்டபக்காரரும் பின்வாங்கினார். அவ்வளவுதான், அத்தான் ஒரே நாளில் வீரனாகிவிட்டார். கோயிலில், கல்யாண வீட்டில், மெட்ரோவில்கூடக் கைகொடுத்தார்கள். "உங்கட வாயையும் அடைக்கப் பாக்கிறாங்கள் அண்ணை, விடாதேங்கோ" என்றார்கள். வாழ்க்கை முழுக்கத் தட்டு அடுக்கின மனிதருக்கு அது எவ்வளவு இனித்திருக்கும் என்று எனக்கு விளங்கியது.

இந்த நேரத்தில்தான் மகள் அந்த விஷயத்தை வீட்டில் சொன்னாள். மகள் என்று நான் சொல்வது அக்காவின் ஒரே பிள்ளையை. எனக்கும் அவள்தான் பிள்ளை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகம், குழந்தைகளைப் பார்க்கும் வேலை அவளுக்கு. அங்கே தமிழ்க் குழந்தைகளும் நிறையப் பேர். தன்னோடு தனிவீட்டில் இருக்கும் பெண் வெறும் அறைத்தோழி இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து வாழ்கிறோம் என்றாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். அத்தான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது எங்களுக்குக் கேட்டது. வெளியே வந்தவர் அவளைத் திட்டவில்லை, போ என்று சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: ஊருக்கு அவளாகச் சொல்லும்வரை யாரும் சொல்லக்கூடாது. "உண்ட வாயால நீ சொல்லுமட்டும் எண்ட வாயால வராது" என்று அத்தான் வாக்குக் கொடுத்தார். அன்றைக்கு அவரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை அவர் மாற்றவில்லை. "இப்படிப்பட்ட பிள்ளையள்" என்று நேயர்கள் நாக்கூசாமல் கதைப்பார்கள். அத்தான் "சொல்லுங்க" என்பார். நிகழ்ச்சி முடிகிற நேரத்துக்கு மகள் மத்தியானச் சோற்றுக்கு வருவாள். வரும் வழியெல்லாம் காதில் அதைக் கேட்டுக்கொண்டுதான் வருவாள். ஒருநாள் மீன்குழம்பைக் குழைத்துக்கொண்டே, "அப்பா, அவங்க கதைக்கிறது என்னைப் பத்தி" என்றாள். அத்தான் தலையை நிமிர்த்தாமல், "பேர் சொல்லல்லயே மகள்" என்றார். "பேர் சொன்னா லைன வெட்டுவீங்களா?" என்று கேட்டாள். அக்கா இன்னொரு கரண்டி குழம்பை எடுத்து அவள் தட்டில் ஊற்றினாள். எங்கள் வீட்டில் பதில் இல்லாத இடத்தில் குழம்புதான் ஊற்றுவோம்.

அந்தக் காலையில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலைப்பு, நம் பிள்ளைகளை யார் வளர்க்கிறார்கள் என்பது. வழமையாக எடுக்கும் ஒருவருக்கு நான்தான் இணைப்புக் கொடுத்தேன். சந்தேகப்பட எதுவும் இருக்கவில்லை. சுகம் விசாரித்து முடித்துவிட்டு அவர் தொடங்கினார்: "அண்ணை, கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு கார்டெரி. எங்கட பொம்பிளைப் பிள்ளை ஒண்டு அங்க வேலை செய்யுது. அது இன்னொரு பொம்பிளையோட குடும்பம் நடத்துதாம். அதுகளிட்டத்தான் எங்கட குஞ்சு குருமனை விட்டிட்டுப் போறம்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தானின் முகம் எனக்குத் தெரிந்தது. "சொல்லுங்க" என்று அவர் சொல்லவில்லை. "அவளின்ர தாய் தேப்பன்..." என்று அந்த ஆள் அடுத்த வசனத்தை எடுத்தார். அத்தானின் கை போய் அந்தப் பிளாஸ்டரை அமுக்கியது.

ஐயோ, அந்த அமைதி! பாட்டுப் போடவும் அவருக்குத் தோன்றவில்லை. வானொலியில் வெறும் இரைச்சல். நான் ஓடிப்போய் ஏதோ ஒரு பக்திப் பாடலைத் தட்டிவிட்டேன். திரும்பி வந்தால் எல்லாத் தொலைபேசி இணைப்பும் மின்னிக்கொண்டிருந்தது. "தங்கச்சி, லைன் கட்டானதோ, அண்ணை கட் பண்ணினவரோ?" என்று முதல் ஆள். இரண்டாவது ஆள் கேள்வியே கேட்கவில்லை. "அப்ப அது அண்ணையின்ர மகளோ?" என்றாள்.

அந்தப் பக்கத்துக் கார்டெரிகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் ஒருவரா இருவரா? அந்த ஆளுக்கே அது யார் என்று தெரிந்திருந்ததோ என்னவோ. அத்தான் வழக்கம்போல "நன்றி, அடுத்த நேயர்" என்று சொல்லியிருந்தால், அந்தக் கதை பின்னேரத் தேத்தண்ணியோடு முடிந்திருக்கும். தன்னைத் துரோகி என்றவனையே வெட்டாத மனிதர் இதற்கு மட்டும் வெட்டினால், கேட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு வேறு சாட்சி எதற்கு? பிள்ளையைக் காப்பாற்றத்தான் கை போனது. அந்தக் கைதான் அவளை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. வெட்டாமல் விட்டிருந்தால் தகப்பன் தன்னைத் தின்னக் கொடுத்தார் என்று அவள் நினைத்திருப்பாள். இதை நினைத்து நினைத்து எனக்குத் தலை வெடித்திருக்கிறது.

அன்று மகள் சோற்றுக்கு வரவில்லை. கிழமை முடிவதற்குள், அவள் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்க் குழந்தைகளின் தாய்மார் சிலர், வேறு பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டுவிட்டார்கள். ஒருத்தியும் காரணம் சொல்லவில்லையாம். எல்லாரும் சிரித்துக்கொண்டு "போன்ஜூர்" சொல்லிவிட்டுத்தான் கேட்டார்களாம். அவள் அந்த வேலையை விட்டாள். எனக்குத்தான் போன் எடுத்துச் சொன்னாள். "சின்னம்மா, மத்தவங்கட புள்ளையளப் பத்திக் கதைக்கக்குள்ள அப்பாட கை எங்க கிடந்த?" என்று கேட்டாள். ஊற்றுவதற்கு என்னிடம் குழம்பும் இருக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? அத்தான் வெட்டியது சரியா பிழையா என்று வாட்ஸப் குழுக்களில் பட்டிமன்றம் நடந்தது. தன் பிள்ளைக்கு மட்டும் ஒரு சட்டமா என்று ஒரு கூட்டம். தகப்பன் வேறென்ன செய்வான் என்று இன்னொரு கூட்டம். கருத்துச் சுதந்திரம், குடும்ப மானம், இந்த நாட்டுச் சீரழிவு என்று பெரிய பெரிய சொற்களாகப் போட்டு உருட்டினார்கள். எந்தப் பக்கம் பேசினாலும் நடுவில் கிடந்தது எங்கள் பிள்ளை. அத்தான் அந்த அறைக்கு மறுபடி போகவில்லை. அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தார். நேயர்கள் கைகொடுத்த மனிதருக்குக் கோயிலில் பக்கத்தில் இருக்க ஆள் இல்லாமல் போனது. அவர் சரியாகச் சாப்பிடாமல் இளைத்தார். அடுத்த மாரிக் குளிரில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் விழுந்தார்.

மகள் வந்தாள். கட்டில் ஓரத்தில் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இருந்தாள். அத்தான் அவள் கையைத் தேடிப் பிடித்து, "நான் உன்னக் காப்பாத்தத்தான் மகள் வெட்டினன்" என்றார். "தெரியும் அப்பா" என்றாள். அதற்கு மேல் அவள் ஏதாவது சொல்வாள் என்று அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் ஏங்கினது என் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு, அவர் பிடித்த கை தளரும்வரை இருந்துவிட்டுப் போனாள். அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

மரண அறிவித்தலுக்குப் பெயர்கள் கேட்டார்கள். எங்கள் வழக்கம் தெரியும்தானே: இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார் என்று உறவெல்லாம் வாசிப்பார்கள். மகள், "எங்க ரெண்டு பேரிட பேரும் போடுங்க, இல்லாட்டி எண்ட பேரும் வேணாம்" என்றாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ஊரில் இருக்கும் அத்தானின் உடன்பிறப்புகள், கோயில் ஆட்கள், எல்லாரும் அந்தப் பார்வையில் இருந்தார்கள். "என்னால ஏலாது புள்ள" என்று முகத்தை மூடிக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வானொலியில் அத்தானின் பெயர் பிள்ளையில்லாத மனிதரின் பெயராக வாசிக்கப்பட்டது.

மண்டபம் நிறைந்துவிட்டது. கோபித்துக்கொண்டவர்களும் செத்தவீட்டுக்கு வந்துவிடுவார்கள், அது எங்கள் குணம். வரிசையாக வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள், என் கையைப் பிடித்து அழுதார்கள். குரலைக் கேட்டே பலரை எனக்குத் தெரிந்தது; வருஷக்கணக்காக நான் இணைப்புக் கொடுத்த குரல்கள். அந்த வழமையான ஆளும் வந்திருந்தார். அக்காவுக்கு அடுத்ததாக மகளும் அவளுடைய தோழியும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வந்ததும் எல்லாருக்கும் கண் கீழே போனது, விலகி நடந்தார்கள். ஆறுதலாக ஒன்று, ஏச்சாக ஒன்று, ஏதாவது ஒரு சொல் வராதா என்று நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிறு தவறாமல் வாய் ஓயாமல் கதைத்த சனம் அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தோழி அவளிடம் குனிந்து, இவர்கள் எல்லாரும் யார் என்று பிரெஞ்சில் மெல்லக் கேட்டாள்.

"அப்பாவின் நேயர்கள்" என்று மகளும் பிரெஞ்சிலேயே சொன்னாள்.