கூட்டிச் சொன்ன முள்

வியாழன் காலை உருத்திரபுரம் சந்தியில் புத்தகப் பைகளோடு நின்றோம். பள்ளிக்கூட வான் வரவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர்தான் சொன்னார்: "பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ பிள்ளையள். றெஜினா விடியப்புறம் நெஞ்சுக்குத்தில போயிட்டா."

பகிடியென்றே நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கம் பகிடி விடுகிறவன் நான்தானே.

றெஜினா அக்கா ஓட்டிய அந்த வானில் வந்த எல்லாருக்கும் எங்கள் சண்டை தெரியும். மீற்றர் முள் அறுபதில் நிற்கும்போது, வேகம் பார்க்க நான் போனில் இறக்கி வைத்திருந்த செயலி ஐம்பத்தைந்து என்று காட்டும்.

"அக்கா, கையும் முள்ளுமாப் பிடிபட்டிட்டீங்கள்!"

"முல்லைத்தீவாளுக்கு நீ முள்ளுக் காட்டுறியோ? பொத்தடா வாயை."

ஒருநாள் அக்கா என்னைப் பரந்தனுக்குத் தன் தம்பியின் புதுக் காரில் ஏற்றிப் போனா. அதில் முள்ளே கிடையாது, பளிச்சென்று இலக்கம். அதுவும் போனைவிட மூன்று கூட! அக்கா ஸ்ரியறிங்கில் தட்டிச் சிரித்தா.

"பாத்தியே? முள்ளெண்டாலும் இலக்கமெண்டாலும் கூட்டித்தான் சொல்லும். ஆறரைக்கே 'ஏழாச்சு, எழும்படா' எண்டு கொம்மா கத்திறதும் பொய்தானே? அந்தப் பொய்யாலதான் நீ வான் பிடிக்கிறாய்."

"அப்ப அது மீற்றர் இல்லை அக்கா, மாமியார்."

"என்ர முள்ளு ஒருநாளும் குறைச்சுச் சொல்லாது. சொன்னா நான் தோத்தன். அதுவரைக்கும் சனிக்கிழமையில வான் கழுவுறது நீ."

அப்படித்தான் சனிக்கிழமைகளில் வான் கழுவினேன்.

வெள்ளி பின்னேரம், கோயிலிலிருந்து சேமக்காலைக்கு, அக்காவைப் புதைக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சனம் நடந்தது. பின்னால் வான். ஓட்டியவர் அக்காவின் கணவர், எங்கள் எல்லாருக்கும் அத்தான். வழக்கம்போல முன் சீற்றில் நான். சனத்தின் நடைக்கு வான் ஊர்ந்தது. போன் நாலு காட்டியது. முள் பூச்சியத்தில் படுத்துக் கிடந்தது, அசையவேயில்லை. எந்நாளும் கூட்டிச் சொன்ன முள் அன்றைக்குக் குறைத்துச் சொன்னது.

நான் வென்றுவிட்டேன். சொல்லிக் காட்டத்தான் ஆளில்லை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

மறுநாள் வாளியும் துணியுமாகப் போனேன். அத்தான் வாசலுக்கு வந்தார்.

"ஏன் தம்பி, இனி ஆருக்கு?"

"அக்காட்டத் தோத்தனான் அத்தான். கழுவத்தானே வேணும்."

அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். மீற்றர்க் கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்தேன்.

திங்களான இன்றைக்கும் அம்மா ஆறரைக்கு "ஏழாச்சு" என்றுதான் கத்தினா. மணிக்கூட்டைப் பார்க்காமல் எழும்பினேன். வான் வராதென்று தெரியும். என்றாலும் அக்கா காட்டித் தந்த அந்த அரை மணித்தியாலப் பொய் என்னோடு இருக்கட்டும். அதை நான் திருத்தமாட்டேன்.