அக்காவைப் பார்க்க யாரும் போகவில்லை

எங்கள் சபையில் 'பராமரிப்புக் குழு' என்று ஒன்றை அமைத்த பிறகுதான் நோயாளிகளைப் பார்க்க ஆள் போவது நின்றது. இதைச் சொன்னால் எனக்கு மனசில் கசப்பு வந்துவிட்டது என்பார்கள். வந்துவிட்டதுதான்.

அதற்கு முன்னால் அந்த வேலையை ஒரே ஒரு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்துபோனவர். பிள்ளைகள் இல்லை. எர்ணாவூர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், மேல்மாடியில், தனியாக இருந்தார். சபையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் போதும், ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் நிற்பார். என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். மற்றவர்கள் மாதிரி வந்ததும் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பிக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்க் குவிந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தார். "நீ போய்க் கொஞ்ச நேரம் கண்ண மூடு. அவர நான் பாத்துக்கறேன்" என்றார். நான் தூங்கி எழுந்தபோது அவருக்குக் கஞ்சி கொடுத்து முடித்திருந்தார். ஜெபம் அதற்கு அப்புறம்தான்.

அந்த உதவிக்குப் பிறகுதான் நானும் சபையில் ஏதாவது செய்யவேண்டும் என்று முன்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று, வருகிறவர்களை விசாரித்து உட்காரவைப்பேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து தூசியோடு வருகிற சனங்களுக்கு வாசலில் ஒரு சிரிப்பு கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் சபையில் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம் ஒன்று இருந்தது. மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசை அவர்களுக்கு. அந்த வீட்டு மருமகள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை ஒடிந்துவிட்டது என்றார்கள். அக்கா பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

அந்தப் பெண் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். கட்டுக்கு மேலே, தோள் பக்கம், விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. மாமியார் காபி கொண்டு வந்தார். புருஷன் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். அக்கா காபியைத் தொடவில்லை. அவனை ஏறிட்டுப் பார்த்து, "பாத்ரூம்ல வுயுந்தா தோள்ல வெரலு பதியுமா நைனா?" என்று கேட்டார்.

மாமியார்தான் முந்திக்கொண்டு, "எங்க வீட்டு விஷயத்த நாங்க பாத்துக்கிடுவோம், நீங்க ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார். அக்கா ஜெபம் பண்ணாமலே எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த சில வாரங்களிலேயே சபையில் பயிற்சி வகுப்பு நடந்தது. புதிதாக வந்திருந்த பாஸ்டர் புரொஜெக்டர் வைத்து, ஆரோக்கியமான ஐக்கியத்தை எப்படிக் கட்டுவது என்று பாடம் எடுத்தார். வரவேற்புக் குழு, பாடகர் குழு, மீடியா குழு, பராமரிப்புக் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு வாட்ஸப் குரூப், கழுத்தில் மாட்ட ஓர் அட்டை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே குறிப்பெடுத்தேன்.

அக்கா எழுந்து, "ஒடம்பு சரியில்லாதவங்கள நான்தான் பாத்துகினு வர்றேன் பாஸ்டர். என்னய எதுல போட்டுக்கீறீங்க?" என்றார்.

பாஸ்டர் சிரித்த முகத்தோடு, "நீங்க எங்களுக்கு ஜெபத்துல பலமா இருங்கம்மா. வீடு சந்திக்கிறதுக்கு இனிமே டிரெய்னிங் எடுத்தவங்க போவாங்க. அவங்களுக்குத் தெரியாம யாரும் போகவேண்டாம்" என்றார்.

முதல் வரிசையில் அந்த மாமியார் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கும் விளங்கியிருக்கும். "செரி பாஸ்டர்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மழைக்காலத்தில் குடியிருப்புப் படிக்கட்டில் அக்கா சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. பக்கத்து வீட்டம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பராமரிப்புக் குழுவின் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். கைகூப்பும் படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. ஆள் ஒருத்தரும் வரவில்லை. குழுத் தலைவருக்குப் போன் செய்தேன்.

"எர்ணாவூர் ஏரியா என்னோடது இல்ல சிஸ்டர். அதுக்குப் பொறுப்பானவர் ஊருக்குப் போயிருக்காரு. வந்ததும் சொல்றேன்" என்றார்.

அவர் வந்தாரோ, இவர் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அக்காவைக் குளிப்பாட்டியது பக்கத்து வீட்டம்மா. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர் அவர். நான் கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலைக்குக் கிளம்புமுன் காலையில் போய்விட்டு வருவேன். "சபைலேர்ந்து யாரும் வர்லியா?" என்று அந்தம்மா கேட்டபோதெல்லாம் எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் போனது.

சபையிலிருந்து வந்தது ஒரே ஒருத்திதான், அந்த மருமகள். ஒரு மத்தியானம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். அன்று எனக்கு விடுமுறை, அங்கேதான் இருந்தேன்.

"கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்க்கா" என்றாள்.

அக்கா படுத்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் அடிக்கிறானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க அம்மா வூட்ல சேத்துக்குவாங்களா?"

"அம்மா வரச் சொல்லிக்கிட்டேதான் இருக்கா. சபைல என்ன சொல்லுவாங்களோன்னு..."

"சபையா வந்து அடி வாங்குது? கெளம்பு கண்ணு. மத்தத அப்பால பாத்துக்கலாம்."

அந்த வாரமே அவள் குழந்தையோடு ஊருக்கு ரயிலேறினாள். எழும்பூரில் அவளை வழியனுப்பியது நான்.

இரண்டாம் நாளே பாஸ்டரும் பராமரிப்புக் குழுத் தலைவரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஆப்பிள் பை. இடுப்பு எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் பாஸ்டர், "அந்தப் பொண்ணுக்கு நீங்க ஏதாவது ஆலோசனை சொன்னீங்களாம்மா? ஒரு குடும்பம் பிரிஞ்சிருக்கு" என்றார்.

அக்கா என் தோளைப் பிடித்து மெல்ல நிமிர்ந்தார். "நான் படுத்து இம்மாநாளாச்சு பாஸ்டர். இன்னிக்குத்தான் எங்க வூட்டுக்கு வயி தெரிஞ்சுதா?"

"அது வேற விஷயம்மா..."

"அதான் விஷயம். அவ கைய ஒடச்சப்போ ஏன் போய்க் கேக்கல? நான் கேட்டேன், என்னய ஒக்கார வெச்சீங்க. இப்ப அவ தப்பிச்சுப் போனதும் ஓடியாறீங்க."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா சிஸ்டர்?"

"ரயிலேத்தி விட்டதே நான்தான் பாஸ்டர்" என்றேன்.

ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று பாஸ்டர் எழுந்தார். "வோணாம்" என்றார் அக்கா. ஜெபத்தை வேண்டாமென்று அவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அந்த அழுகையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறு ஞாயிறு சபைக்குப் போனதும், வாசல் பொறுப்பிலிருந்து நான் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்று பாஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. வாசலில் என் இடத்துக்கு வரவேற்புக் குழுத் தலைவராக நிறுத்தப்பட்டவன் அந்தப் பெண்ணின் புருஷன். மனைவி விட்டுப்போன துக்கத்திலும் கர்த்தருக்காக நிற்கிறான் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே யாராவது வருவார்கள் என்று பஸ் ஸ்டாப் வரை எதிர்பார்த்தேன்.

அந்தப் பெண் இப்போது அவள் ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். எப்போதாவது போன் செய்வாள். அக்கா ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறார், மாடியிறங்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய்விடுகிறேன். சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அவர் பாடுவார், நான் கேட்பேன். "நீயாச்சும் வேற சபைக்குப் போம்மா, என்னோட ஏன் வீணாப் போறே" என்பார். பார்க்கலாம் என்பேன். இத்தனை வருஷம் கூடவே உட்கார்ந்து பாடியவர்களில் ஒருவரும், அக்கா எப்படி இருக்கிறார் என்று இன்னும் எனக்குப் போன் செய்து கேட்கவில்லை. என் கோபம் தணியவில்லை. தணியவேண்டும் என்று ஜெபிக்கவும் எனக்கு மனசு வரவில்லை.